நாலு வண்டி

"மணல்ல முன்னால போறவனுக்குத் தடம் கிடையாது. பின்னால வாறவனுக்கு..."

பின்னால் வருகிறவனுக்கு என்ன என்பது நாயகத்துக்கு நினைவில்லை. மணலில் வண்டி ஓட்டும் சங்கத்தை ஆரம்பித்த ஆல்பர்ட் பெரியவர் அபுதாபியை விட்டு ஊருக்குக் கிளம்பியபோது, வழியனுப்பு விருந்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னது அது. முதல் பாதி தெளிவாகக் காதில் விழுந்தது. இரண்டாம் பாதி வருவதற்குள் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள்.

நாயகம் சங்கத்தில் ஒன்றிரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தார்.

"பின்னால வாறவனுக்குத் தூசிதான்னு சொன்னாருன்னு நெனைக்கேன்" என்றான் சாகுல்.

"நான் தட்டு எடுக்கப் போயிருந்தேன், அண்ணாச்சி" என்றார் ஹெப்சி.

நாயகத்துக்கு முதல் பாதியே போதுமாக இருந்தது.

முழுப் பெயர் கோமதிநாயகம். ஐம்பதை நெருங்குகிற வயது. அபுதாபிக்கு வந்த புதிதில் மனைவியும் மகளும் கூட இருந்தார்கள். மகளின் படிப்புக்காக அவர்கள் பாளையங்கோட்டைக்குத் திரும்பினார்கள். படிப்பு முடிந்தது. மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். மனைவி திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. தினமும் போன் உண்டு.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். நீ?"

"ஆச்சு."

அதற்கு மேல் கேட்பதற்கு இரண்டு பேருக்குமே ஒன்றும் அகப்படாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

வாரம் முழுக்க அலுவலகம். சனிக்கிழமையானால் மணல். லீவா பாலைவனப் பக்கம் மணல் மலைகள் உண்டு. மேடு என்று சொன்னால் அவற்றுக்குப் போதாது. காற்றை இறக்கிய டயரோடு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும். ஒவ்வொரு வண்டியிலும் நீளக் கம்பியில் ஆரஞ்சுக் கொடி. முன் வண்டியில் மட்டும் பச்சை. எந்தச் சரிவில் ஏறலாம், எந்த விளிம்பில் இறங்கலாம் என்று முடிவு செய்வது பச்சைக் கொடி. மற்றவர்கள் அதன் தடத்தில் வருவார்கள்.

போன டிசம்பரில் நாயகத்துக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியாத காய்ச்சல். லீவு போட்டு ஊருக்குப் போயிருக்கிறார் என்று அலுவலகத்தில் நினைத்தார்கள். வீட்டுக்கு அவர் போனில் "சாப்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சங்கத்தில் யாரும் எதுவும் நினைக்கவில்லை. தேறி வந்த சனிக்கிழமை சாகுல் கேட்டான்.

"என்ன அண்ணாச்சி, ஊர்ல மழையா?"

"ஆமா. நல்ல மழை" என்றார் நாயகம்.

முன் வண்டி தனக்கு வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குப் பிடித்ததுதான். கடைசி வண்டி வராவிட்டாலும் பயணம் நடக்கும். முன் வண்டி வராவிட்டால் ஒருவரும் மணலுக்குள் இறங்க முடியாது. எல்லாரும் சாலையோரம் நின்று, நாயகம் எங்கே என்று கேட்பார்கள்.

கொடியைக் கொடுக்க வேண்டியவர் ஹெப்சி. அவரைச் சங்கத்தில் மார்ஷல் என்பார்கள். நாகர்கோவில் பெண்மணி. நாயகத்தைவிடப் பத்து வயது இளையவர். வாரத்தில் ஆறு நாள் ஒரு மருந்துக் கடையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்பார். ஏழாம் நாள் அவர் வண்டி ஏறாத மணல் அந்தப் பக்கத்தில் இல்லை. சொல்லித்தருவதில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். மணல் இளக்கமா இறுக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று நாயகம் ஒருமுறை கேட்டதற்கு, செருப்பைக் கழற்றிவிட்டு உச்சிவரை நடந்து போய் வரச் சொன்னார்.

அன்று நாலு வண்டிதான் வந்திருந்தது. தார்ச் சாலை முடிகிற இடத்தில் குனிந்து டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் இறக்குங்க அண்ணாச்சி" என்றான் சாகுல். மேலப்பாளையத்துக்காரன். வாய் ஓயாது. "நம்ம தொப்பை மாதிரி நல்லாப் பரவணும். அப்பதான் மணல்ல பதியாது."

"உன் தொப்பைய வச்சுக்கிட்டு நீ இமயமலையே ஏறலாம்ல."

நாலாவது ஆள் தணிகைவேல். ராணிப்பேட்டைப் பக்கம். வருவார், ஓட்டுவார், போவார். சிரிப்புக்குச் சிரிப்பார். ரேடியோவில் அவர் குரல் கேட்பது இந்த ஊரில் மழை பெய்கிற மாதிரி அபூர்வம். இப்போதும் ஒரு டயரிடம் உட்கார்ந்து, ஏதோ அது தூங்குவதுபோல மெல்லக் காற்றை விட்டுக்கொண்டிருந்தார்.

நாயகம் ஹெப்சியிடம் போனார்.

"மார்ஷல், ஒரு சீசன் பூரா கடைசி வண்டி ஓட்டிட்டேன். ஒரு தடவ சிக்கினேனா? எனக்கு எப்பதான் பச்சைக் கொடி?"

ஹெப்சி நிமிர்ந்தார். "ஒரு சீசன் பூரா உங்களுக்கு முன்னால போனது யாரு?"

"தணிகை."

"அவரப் பத்திச் சொல்லுங்க."

"வெள்ளை வண்டி. பின் பம்பர்ல எடது பக்கம் ஒரு ஒடுக்கு. பிரேக் லைட்டு ஒண்ணு மங்கல். ஒவ்வொரு உச்சியிலயும் அநாவசியமா நிப்பாரு. நானும் எத்தனை தடவ ரேடியோவுல கத்திட்டேன், என்ன தணிகை, போட்டோ எடுக்கீங்களான்னு."

ஹெப்சி தன் வண்டியில் இருந்த பச்சைக் கொடியைக் கழற்றினார். நாயகத்தின் வண்டிக் கம்பியில் அவரே கட்டினார்.

"நீங்க முன்னால. அடுத்து நான். அடுத்து சாகுல். தணிகை கடைசி."

தணிகைவேல் உட்கார்ந்தபடியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"விதி தெரியும்லா?" என்றார் ஹெப்சி.

"தெரியும் மார்ஷல். அவங்கவங்க பின்னால வாற வண்டி அவங்கவங்க பொறுப்பு. கண்ணாடியில அது தெரியலேன்னா நிக்கணும். ஒருத்தர் நின்னா எல்லாரும் நிக்கணும்."

"போங்க."

முன் வண்டியின் கண்ணாடி வழியாக மணல் வேறு மாதிரி இருந்தது. இதுவரை நாயகம் எப்போதும் யாரோ கிழித்துவிட்ட தடத்தைப் பார்த்துத்தான் ஓட்டியிருந்தார். இப்போது முன்னால் ஒன்றுமே இல்லை. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் தேங்கி நின்றது. முதல் ஏற்றத்தில் கொஞ்சம் தயங்கினார். இரண்டாவதில் தயக்கம் போயிற்று. உச்சியில் ஏறியதும் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஒரு நொடி ஒன்றும் தெரியாது. பிறகு மூக்கு தாழும், மறுபக்கம் தெரியும். அந்த ஒரு நொடி அவருக்குப் பிடித்திருந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஹெப்சியின் வண்டி, நாயகம் போன அதே கோட்டில் வந்துகொண்டிருந்தது.

ஒரு பெரிய விளிம்பில் இறங்கியபோது எதிரே அகலமான உப்புத் தரை விரிந்தது. இரண்டு மணல் மலைகளுக்கு நடுவே மேசை போன்ற வெள்ளைத் தரை. நாயகம் அதில் பாதி போயிருக்கும்போது வலப்பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் குறுக்கே வந்தது. பத்துப் பன்னிரண்டு வண்டிகள். எல்லாம் வெள்ளை. எல்லாவற்றிலும் ஆரஞ்சுக் கொடி. தூசி எழுந்து முன்னும் பின்னும் மறைத்தது. அவர்களுடைய பேச்சும் இவர்களுடைய ரேடியோவில் வந்து விழுந்தது. மலையாளம், இந்தி, சிரிப்பு.

இப்படி வேறு கூட்டம் குறுக்கிட்டால் நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம். தூசி அடங்கிய பிறகு ஒவ்வொருவரும் ரேடியோவில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். நாயகத்துக்கு அது தெரியும். ஆனால் அத்தனை வண்டிகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன, எதிரே ஓர் அழகான ஏற்றம் நிற்கிறது. வேகத்தை விட்டுவிட்டால் அதில் ஏற முடியாது.

"எல்லாரும் ஏழாவது சேனலுக்கு மாத்துங்க" என்றார். ஒரே மூச்சில் ஏறி உச்சியில் நின்றார். "ஏழுல எல்லாரும் வந்தாச்சா? சாகுல், பின்னால வண்டி தெரியுதா?"

"தெரியுது அண்ணாச்சி. வெள்ளை, ஆரஞ்சுக் கொடி. ஒட்டிக்கிட்டேதான் வருது. போங்க போங்க."

நாயகம் திரும்பிப் பார்த்தார். நேர் எதிரே, உப்புத் தரைக்கு அந்தப் பக்கம், அவர்கள் இறங்கி வந்த மலையின் இடது தோளில் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். தூரத்தில் எறும்பளவு. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். அந்தக் கூட்டத்து ஆள் போலிருக்கிறது. நாயகம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்துத்தான் ஆட்டுகிறான்.

நாயகமும் கதவுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். பெரிதாக, நிதானமாக ஆட்டினார். பிறகு மறுபக்கம் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு வெகுதூரம் ஓட்டினார்கள். யாரும் சிக்கவில்லை. ஓர் உயரமான முதுகில் தேநீருக்கு நிறுத்தினார். வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாயகம் இறங்கி நின்று அந்த வரிசையைப் பார்த்தார். மகளுக்கு ஒரு போட்டோ அனுப்பலாம் என்று தோன்றியது. சிக்னல் இல்லை. இருந்தாலும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பரவாயில்லையே" என்று கையைக் குலுக்கினான் சாகுல். "நான்கூட ஏதாவது பள்ளத்துல கொண்டு எறக்கிருவீங்கன்னு கலிமா சொல்லிக்கிட்டே வந்தேன்."

நாலாவது வண்டியின் கதவு திறந்தது. மெலிந்த, கண்ணாடி போட்ட, நரைத்த மீசைக்காரர் ஒருவர் இறங்கினார். எல்லாரையும் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார்.

சாகுல் நாயகத்தின் கையை விட்டான்.

"நீங்க யாரு?" என்றான் சாகுல்.

"சுகுமாரன்." அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக வடிந்தது. "இது... எங்க குரூப் இல்லையா?"

ஹெப்சி கையிலிருந்த பிளாஸ்கைக் கீழே வைத்தார்.

"தூசியில ஒண்ணும் தெரியலை. கொடியைப் பார்த்தேன், பின்னாடியே வந்துட்டேன்" என்றார் சுகுமாரன். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகவே வந்தது.

"உங்க ஆளுங்க முகம் உங்களுக்குத் தெரியாதா?"

"இன்னைக்குத்தான் சேர்ந்தேன். காலையில எல்லாரும் மாஸ்க் போட்டு, கண்ணாடி போட்டு..."

"உங்களத் தேட மாட்டாங்களா?"

சுகுமாரன் யோசித்தார். "தேடறதுக்கு என் பேர் தெரியணுமே" என்றார்.

சாகுல் அதற்குள் தன் வண்டிக்கு ஓடியிருந்தான். பழைய சேனலுக்கு மாற்றி "தணிகை அண்ணே, தணிகை அண்ணே" என்று கூப்பிட்டான். ரேடியோ இரைந்தது. பதில் இல்லை. இடையில் எத்தனை மலை.

"அவரு கூட யாராவது வந்திருந்தாங்களா?" என்று கேட்டார் ஹெப்சி.

"தனியாத்தான்னு நெனைக்கேன்."

"தண்ணி வச்சிருந்தாரா?"

தெரியவில்லை.

"சுகர், பிரஷர் ஏதாவது?"

"மார்ஷல், அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னே எனக்குத் தெரியாது" என்றான் சாகுல். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

நாயகம் பச்சைக் கொடியை அவிழ்க்கப் போனார். முடிச்சு இறுகியிருந்தது.

"என்ன செய்யுதீங்க?" என்றார் ஹெப்சி.

"நீங்க முன்னால போங்க மார்ஷல். எனக்கு... என்னால..."

"நீங்கதானே கொண்டாந்தீங்க. நீங்களே திரும்பக் கூட்டிட்டுப் போங்க."

திரும்பிப் போவது வந்ததுபோல் இல்லை. மணல் மலைக்கு ஒரு பக்கம்தான் ஏறலாம். இறங்கிய பக்கம் செங்குத்து, எந்த வண்டியாலும் ஏற முடியாது. ஒவ்வொன்றையும் சுற்றித்தான் போக வேண்டும். காற்று வேறு கிளம்பியிருந்தது. விளிம்புகளில் மணல் புகைந்தது. அவர்களே போட்ட தடங்கள் ஓரங்களில் அழியத் தொடங்கியிருந்தன. சுகுமாரனும் வந்தார். அவரை எங்கே விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சாகுலுக்குப் பின்னால், அதே நாலாவது இடத்தில், ஒட்டிக்கொண்டே வந்தார்.

பாதி வழியில் சாகுல் ரேடியோவில் பேசினான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"தணிகை அண்ணன் உச்சிக்கு உச்சி நிப்பாருல்லா. நீங்க கத்துவீங்களே. அது போட்டோவுக்கு இல்ல. உங்க வண்டி கண்ணாடியில வாற வரைக்கும் நிப்பாரு. உங்களப் பாத்த பெறகுதான் எறங்குவாரு. நான் அவருக்கு முன்னாலதானே ஓட்டுனேன், பாத்துருக்கேன்."

நாயகம் ரேடியோவைக் கையில் பிடித்தபடியே ஓட்டினார்.

உப்புத் தரைக்கு வந்தபோது நிழல்கள் தரை முழுக்க நீண்டிருந்தன. அந்தப் பெரிய கூட்டத்தின் தடங்கள் கண்டபடி குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. மலையடிவாரத்தில் மட்டும், அவர்கள் முதலில் இறங்கிய செங்குத்தில், தடம் தனியாகத் தெரிந்தது. எல்லாரும் இறங்கிப் பார்த்தார்கள்.

இறங்கியவை மூன்றுதான்.

"அப்போ மலைக்கு அந்தப் பக்கந்தான் நின்னுருக்காரு" என்றான் சாகுல். "இந்தப் பக்கமா ஏற முடியாது. வலது பக்கம் சுத்துறதா, இடது பக்கமா? தப்பாப் போனா இருட்டிரும் அண்ணாச்சி. ரொம்ப நீளமான மலை."

ஹெப்சி நாயகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாயகம் மலையின் இடது தோளைப் பார்த்தார். அங்கே இப்போது யாரும் இல்லை. வெறும் விளிம்பு, அதன்மேல் புகையும் மணல்.

அவர் வலது கை தானாகக் கொஞ்சம் உயர்ந்து, இறங்கியது.

"இடது" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

இடது தோளைச் சுற்றி, இரண்டு சரிவுகள் தாண்டி, ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தில் தணிகைவேலின் வண்டி நின்றது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சரிவில் போகும்போது முன் டயர் சக்கரத்திலிருந்து கழன்றுவிட்டிருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கப் பார்த்திருக்கிறார். ஜாக்கி பாதிக்குமேல் மணலுக்குள் இறங்கிக் கிடந்தது. வண்டியின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், கால்வாசி மிச்சம்.

அவர்களைப் பார்த்ததும் எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"வாங்க" என்றார், வீட்டுக்கு வந்தவர்களைக் கூப்பிடுவதுபோல.

சாகுல் ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொண்டான். "என்ன அண்ணே, ஒரு சத்தம் குடுக்க மாட்டீங்களா? வாயில என்ன முத்தா உதிர்ந்துரும்?"

"கூப்ட்டேன்பா. அந்தக் கூட்டத்துப் பேச்சுதான் கேட்டுது. அப்பறம் மேல ஏறிப் போயி கை காட்னேன்." நாயகத்தைப் பார்த்துச் சிரித்தார். "சார் பாத்துட்டாரு. அவரும் கை காட்னாரு. சரி, வருவாங்கன்னு கீழ வந்து உக்காந்துட்டேன்."

சாகுல் நாயகத்தைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்தான்.

"ரொம்ப நேரம் ஆச்சா?" என்று கேட்டார் ஹெப்சி.

"ஆச்சு. அப்பறம்தான் நெனச்சுப் பாத்தேன். மேல நின்னப்ப நாலு வண்டி ஏறிப் போறதப் பாத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கணக்கு சரியாப் போச்சு." தணிகைவேல் பாட்டிலை எடுத்து மூடினார். "அப்போ இனிமே வர மாட்டாங்கன்னு தோணுச்சு. அதான் தண்ணிய நிறுத்தி நிறுத்திக் குடிச்சேன்."

அவர் குரலில் குறை ஒன்றும் இல்லை. வானிலை சொல்வதுபோலத்தான் சொன்னார்.

நாயகம் மண்டியிட்டு ஜாக்கியைத் தோண்டத் தொடங்கினார். மண்வெட்டி வண்டியில் இருந்தது. அவர் கையாலேயே தோண்டினார். சுகுமாரன் எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்து அடியில் கொடுத்தார். எல்லாரும் சேர்ந்து டயரை ஏற்றிக் காற்றடித்தார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே தார்ச் சாலைக்கு வந்துவிட்டார்கள். திரும்பும் வழியில் ஒவ்வொரு உச்சியிலும் நாயகம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெயர் சொல்லிப் பதில் வந்தது. சுகுமாரனின் ரேடியோவையும் ஏழாவது சேனலில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் பெயர் வந்தபோதெல்லாம் "இருக்கேன்" என்றார்.

சாலையோரம் டயர்களுக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தபோது எல்லார் போன்களும் ஒன்றாக உயிர்பெற்றன. சுகுமாரன் தன் போனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்க குரூப்பா?" என்றான் சாகுல். "ஊரையே கூட்டியிருப்பாங்களே, பாவம்."

சுகுமாரன் போனைத் திருப்பிக் காட்டினார். எல்லாரும் பத்திரமாகச் சாலைக்கு வந்தாயிற்று, அருமையான பயணம் என்று ஒருவர் போட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

"அடப்பாவிகளா" என்றான் சாகுல்.

சுகுமாரன் சிரித்தார். தானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நாயகம் ஹெப்சியின் பக்கத்தில் போய் நின்றார். அவர் டயரின் வாயில் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பம்ப் இரைந்துகொண்டிருந்தது.

"மார்ஷல்."

"சொல்லுங்க."

"நின்னு பேர் கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு, தெரியுது. ஆனா ஒண்ணு புரியல. நான் உங்களக் கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் போனேன். நீங்க சாகுலப் பாத்தீங்க. சாகுலும் பின்னால பாத்துக்கிட்டேதான் வந்தான். ஒருத்தர் கண்ணாடியும் காலியா இல்ல. பெறகு எப்படி ஒரு ஆள் விட்டுப்போச்சு?"

ஹெப்சி குழாயைக் கழற்றினார். காற்று சீறி அடங்கியது.

"கண்ணாடியில வண்டிதான் தெரியும், அண்ணாச்சி."

"அப்ப ஆளு?"

ஹெப்சி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். சுகுமாரன் நின்ற இடத்துக்குப் போனார்.

"சேட்டா, வீடு எங்க? வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

சுகுமாரன் முதலில் அந்தக் கேள்வி தனக்கா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். ஷாபியாவில் ஒரு அறை. மனைவி இறந்து மூன்று வருஷம். மகன் அயர்லாந்தில். சொல்லச் சொல்ல அவர் குரல் பழக்கமில்லாத ஒன்றைச் செய்வதுபோலத் தடுக்கித் தடுக்கி வந்தது. சாகுல் காற்றுப் பம்பை நிறுத்திவிட்டான். சாலை சட்டென்று அமைதியானது. கொஞ்சம் தள்ளி தணிகைவேல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மணலை உதறி, மடித்து, மறுபடி உதறி.

பேசி முடித்ததும் ஹெப்சி அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நல்லாத்தான் திரும்பக் கொண்டாந்தீங்க. அடுத்த சனிக்கிழமையும் முன்னால நீங்கதான். சரியா?"

நாயகம் தணிகைவேலிடம் போய்க் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"தணிகை, உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

தணிகைவேல் சுருட்டுவதை நிறுத்தினார். "ரெண்டு பொண்ணு, சார்."

"என்ன பேரு?"

தணிகைவேல் சொன்னார். மூத்தவள் பத்தாவது என்றார். சின்னவளுக்கு ஆஸ்துமா என்றார். கயிறு முழுவதும் சுருட்டி முடியும்வரை சொன்னார்.

"அண்ணாச்சி, கேக்கேன்லா" என்றார் ஹெப்சி.

நாயகம் அடுத்த சனிக்கிழமைக்கு மூன்றாவது வண்டியைக் கேட்டார். தணிகைவேல் தனக்குப் பின்னால் வரட்டும் என்றார்.